கோகிலவாணி டீச்சர் சொல்லாமல் விட்டது

கோகிலவாணி வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் இல்லை. மாமனாரும் மாமியாரும் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. புருஷன் வீரமணிக்குச் சுண்ணாம்பு வாடையே ஆகாது. அப்படியிருந்தும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாரப்பன் பெட்டிக்கடையில் அவள் வெற்றிலை வாங்கினாள்.

மாரப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் டீச்சர், வெறும் எலைதானுங்களா? பாக்கு வேணாம், சுண்ணாம்பு வேணாம். எலைய மட்டும் தின்னா அதுக்குப் பேரு ஆடுங்க!"

"சாமிக்குங்க" என்பாள்.

"வாரத்துல நாலு நாளு சாமிக்கா? அந்தச் சாமிக்கு வாயி வெந்து போயிருக்கும் போங்க."

"காம்பு நீளமா இருக்கறதாப் பாத்துக் குடுங்கண்ணா."

"இது ஒண்ணுதான் எனக்கு வெளங்க மாட்டேங்குது. ஊரு ஒலகத்துல எல்லாரும் காம்பக் கிள்ளிப் போட்டுட்டு எலையத் திம்பாங்க. நீங்க காம்பப் பாத்து வாங்கறீங்க."

அவள் சிரித்து மழுப்பிவிட்டு நடப்பாள். இலை, வீட்டில் கட்டியிருக்கும் வெள்ளாட்டுக்குப் போகும். அவளுக்கு வேண்டியது காம்புதான்.

காலை ஆறு மணிக்கு வீரமணி குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கோடு தக்காளி மண்டிக்குக் கிளம்பிவிடுவான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அவள் முன்கதவைத் தாழ் போடுவாள். டிவியில் பக்திப் பாட்டு வைத்துச் சத்தத்தைக் கூட்டுவாள். பிறகு மகன் நவநீதனை எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிப்போவாள். நான்கரை வயதுப் பிள்ளை. கை கால் குச்சி குச்சியாக இருக்க, வயிறு மட்டும் கவிழ்த்த சட்டி போல முன்னால் நிற்கும்.

"வேணாம்மா. நாளைக்கி நானே போறம்மா. நெசமாலும் போறம்மா."

"நாளைக்கி நாளைக்கின்னு நேத்தும் சொன்ன. காலத் தூக்கு சாமி. ஒரு நிமிசம்."

முந்தானையில் ஒளித்து வைத்திருந்த காம்பை எடுத்து விளக்கெண்ணெயில் தோய்ப்பாள்; அது உள்ளே போகும். பிள்ளை துடிப்பான். சற்று நேரத்தில் அடைபட்ட மடை உடைந்த மாதிரி காற்றும் மலமுமாகப் பீறிட்டு வரும். அப்படி ஒரு நாற்றம், எந்தப் பிள்ளையிடமும் அவள் கண்டதில்லை. வயிறு வடிந்து பிள்ளை ஓய்ந்து போவான். சாயங்காலத்துக்குள் மறுபடியும் உப்பிவிடும்.

பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான். மூன்று வயதுக்கு மேல் காம்பு மட்டும் போதவில்லை. சோப்பைச் சீவி வைத்தாள். மருந்துக் கடையில் குளிகை வாங்கி வைத்தாள். சில நாள் எண்ணெய் தடவிய விரலே வேண்டியிருந்தது. ஒரு நாள் விட்டுவிட்டாலும் பிள்ளை சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நாள் விட்டால் வாந்தி எடுத்தான். அதனால் அவள் ஒரு நாளும் விடவில்லை.

இதை இத்தனை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஊரில் குழந்தைக்கு வெற்றிலைக் காம்பு வைக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவளே கோகிலவாணிதான்.

பாப்பாரப்பட்டிக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊர். அவள் அப்பா கல் உடைக்கப் போனவர். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாவது தேறிய முதல் ஆள் அவள். நர்சிங் படிக்க ஆசை இருந்தது, நடக்கவில்லை, கல்யாணம் நடந்தது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் நவநீதன் பிறந்தான்.

பிறந்த பிள்ளை முதல் நாளே கருப்பாக மலம் போக வேண்டும். நவநீதன் முதல் நாள் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. தெருவில் பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டுகிற குள்ளம்மாள் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்திருந்தாள். அவள் மடியில் எப்போதும் வெற்றிலை இருக்கும்.

"இதுக்குப் போயி ஏண்டி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கெடக்கற? சோம்பேறிக் கொடலு. தட்டி எழுப்பி உட்டா அது பாட்டுக்கு ஓடும்" என்று சொல்லி, யாரும் பார்க்காத நேரமாக ஒரு காம்பை வைத்தாள். வந்தது. துணி கொள்ளாமல் வந்தது. பார்க்க வந்த சொந்தங்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கேட்டார்: "கொழந்த மோஷன் போச்சாம்மா?"

"போச்சுங்க."

அட்டையில் டிக் விழுந்தது. அந்தப் பதிலில் பொய் என்று ஒன்றும் இல்லை. எப்படிப் போனது என்பதுதான் அதில் இல்லை.

பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது அங்கன்வாடிப் பணியாளர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து ஊருக்கு அவள் டீச்சர். அதுவரை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாத வீரமணியின் அண்ணன்கூட 'வாங்க டீச்சர்' என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள். சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டினாள். சத்துமாவு உருண்டையைத் தன் கையால் பிடித்தாள். மாதாமாதம் பிள்ளைகளை எடைக் கருவியில் நிறுத்தி, போனில் எடையை ஏற்றி, யார் நல்ல எடையோடு பச்சையில் இருக்கிறார்கள், யார் எடை குறைந்து மஞ்சளுக்கு இறங்கினார்கள் என்று விரல் நுனியில் வைத்திருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தர்மபுரியில் பயிற்சி நடந்தது. வகுப்பெடுத்த அம்மா கேட்டார்: "சர்க்கரத் தண்ணி, வெளக்கெண்ண, வெத்தலக் காம்பு... இதெல்லாம் இன்னும் யார் வூட்ல நடக்குது? வெக்கப்படாம கை தூக்குங்க." நாற்பது பேரில் ஆறு பேர் கை தூக்கினார்கள். கோகிலவாணி தூக்கவில்லை. ஏன் கூடாது என்று கேட்டபோது மட்டும் எழுந்து நின்று, உள்ளே புண்ணாகும், கிருமி தொற்றும், குடல் அதற்கே பழகிவிடும் என்று வரிசையாகச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டு ஓய்ந்து உட்கார்ந்தபோது அவளுக்கு வியர்த்திருந்தது. அதற்கப்புறம் எங்கே போய் எதைச் சொல்வது?

சொல்லாமல் இருந்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு வருஷம் முன்பு மையத்தில் தடுப்பூசி போடுகிற நாள். கீழ்த்தெருப் பாஞ்சாலி ஒன்றரை மாதப் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை முக்கி முக்கி அழுதது. பாஞ்சாலி முந்தானையிலிருந்து ஒரு காம்பை எடுத்தாள். கோகிலவாணி எட்டிப் பிடுங்கி வெளியே வீசினாள்.

"என்ன பாஞ்சாலி இது? எத்தன வாட்டி சொல்லியிருக்கறன்? பச்ச மண்ணுக்குப் புண்ணாச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"எங்கம்மா எனக்கு வெச்சாங்க. நான் நல்லாத்தான் இருக்கறன்?"

"இருக்கற லட்சணந்தான் தெரியுதே!"

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பாஞ்சாலி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊசி போடாமலே போய்விட்டாள். மறுநாள் அவள் வீட்டுக்கே போய்த்தான் கூட்டி வர வேண்டியிருந்தது. அன்று காலையில்தான் கோகிலவாணி தன் பிள்ளையைக் குளியலறையில் பிடித்து வைத்துக் கையைக் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

மையத்து உதவியாளர் ராணியம்மாள் வெள்ளந்தி. "டீச்சர், எல்லாப் புள்ளைங்களையும் நாந்தான் கழுவி உடறன். தம்பி மட்டும் இங்க ஒரு நாளும் ரெண்டுக்குப் போனதில்லீங்களே?" என்று ஒருதரம் கேட்டாள்.

"காலைல வூட்லயே முடிச்சிட்டு வந்துர்றான்."

"குடுத்து வெச்சவங்க. எம் பேரனுக்கு நேரங்காலமே கெடையாது."

பிள்ளைகள் நவநீதனைப் பூசணி என்று கூப்பிட்டார்கள். ஓடிப் பிடித்து விளையாட அவனால் முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தனியார் டாக்டர்கள் மூன்று பேரிடம் காட்டினாள். ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தன நாளைக்கு ஒருக்கா மோஷன் போறான்?"

"தெனமும் போறான் டாக்டர்."

தினமும் போகிற பிள்ளைக்கு மலச்சிக்கல் என்று எந்த டாக்டர் எழுதுவார்? பூச்சி மருந்து கொடுத்தார்கள். வாயு என்றார்கள். பசிக்க டானிக் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் வாசற்படி இறங்கும்போது, திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று அவள் கால் தயங்கும். 'அங்கன்வாடி டீச்சரே இப்பிடியா?' என்று கேட்பார்களே என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. தினம் தினம் பிள்ளையைக் கதறவிட்டதைத் தன் வாயால் சொன்னால், தன் காதும் அதைக் கேட்டாக வேண்டும்.

ஜூன் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் எழுப்பப் போவதற்கு முன்பே நவநீதன் பாயிலேயே போயிருந்தான். தண்ணீராக, பச்சையாக, தெறித்துக் கிடந்தது. கோகிலவாணி அதைப் பார்த்துப் பதறவில்லை. அவள் கும்பிட்டாள். காம்பு இல்லை, விரல் இல்லை, பிள்ளை அவனாகப் போயிருக்கிறான்! நாலரை வருஷத்துக் கஷ்டம் விட்டது என்று பாயை அலசும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அன்று டிவி போடவில்லை.

மத்தியானத்துக்குள் எட்டுத் தரம் போயிற்று. வயிற்றுப்போக்குக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாதா? மையத்துச் சுவரில் அவள் ஒட்டிய படமே இருக்கிறது. உப்பு சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கலந்தாள். துத்தநாக மாத்திரை கரைத்துக் கொடுத்தாள். புத்தகத்தில் உள்ளது ஒன்று விடாமல் செய்தாள்.

புதன்கிழமை காய்ச்சல் அனலாகக் கொதித்தது. போவதும் நின்றது. வயிறு மட்டும் மேலும் மேலும் உப்பிக்கொண்டு போயிற்று. தொட்டால் உடுக்கை மாதிரி விண்ணென்று இருந்தது. பச்சையாக வாந்தி எடுத்தான். மத்தியானம் மண்டியிலிருந்து வந்த வீரமணி, வண்டியில் கிடந்த காலிக் கூடைகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு இருவரையும் ஏற்றிக்கொண்டான்.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நிரம்பியிருந்தது. இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். "எத்தன நாளா லூஸ் மோஷன்? அதுக்கு முன்னாடி மலச்சிக்கல் ஏதாச்சும்?"

"இல்லீங்க டாக்டர். தெனமும் போவான்."

குளுக்கோஸ் ஏறியது. ஊசி போட்டார்கள். அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் இருப்பது யார் என்று கோகிலவாணி பார்த்தாள். மூச்சிளைப்பு வந்த குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க டீச்சர், உங்க புள்ளைக்கே இப்பிடியா?" என்றாள். பிறகு பிளாஸ்க்கைத் தள்ளி வைத்தாள். "சுடுதண்ணி இருக்குது. எடுத்துக்குங்க. எனக்கு நீங்க சொல்லுவீங்க, உங்களுக்கு யாரு சொல்றது?"

வியாழக்கிழமை காலையில் பிள்ளையின் கண் பாதி மூடி, பாதி திறந்து கிடந்தது. வயிற்றின் மேல் நரம்புகள் நீலம் நீலமாகத் தெரிந்தன. கூப்பிட்டால் 'ம்' என்று சொல்லவும் பிந்தியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். முகம் சரியில்லை.

"கொடலு பூராவும் வீங்கிக் கெடக்கு. சாதாரண வயித்துப்போக்குன்னா இப்பிடி ஆகாது. நீங்க சொல்றதுக்கும் இந்தப் படத்துக்கும் ஒத்து வரல." அவர் கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. இவன் பொறந்ததுலருந்து தானா மோஷன் போயிருக்கானா?"

முந்திக்கொண்டது வீரமணி. "அதெல்லாம் ஒரு கொறையும் கெடையாதுங்க மேடம். காலைல ஆறரைக்கெல்லாம் போயிருவான். இவ அங்கன்வாடி டீச்சருங்க. சுத்தபத்தமாப் பழக்கி வெச்சிருக்கறா."

அவன் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னான். மனைவியைப் பற்றிய பெருமை அவன் குரலில் இருந்தது. கோகிலவாணி பிள்ளையைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். டாக்டரின் தோளுக்குப் பின்னால் பாஞ்சாலி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த மற்றப் பெண்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். தனியாகப் போய்ச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. பிள்ளை மூச்சு விடும்போது தொண்டையில் ஏதோ இழுத்தது. தனியாகப் போகிற அளவுக்கு நேரம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"இல்லீங்க" என்றாள்.

"என்ன இல்ல?"

"ஒரு நாளும் தானாப் போனதில்லீங்க. பொறந்து ரெண்டு நாளு போகவே இல்லீங்க. வெத்தலக் காம்பு வெச்சம். அதுலருந்து தெனமும் நாந்தாங்க... காம்பு. அப்பறம் சோப்பு. அப்பறம் வெரலு. ஒரு நாளு தவறாம நாந்தாங்க செஞ்சேன். செவ்வாக்கெழமலருந்துதான் செய்யல. தானாப் போறான்னு நெனச்சிட்டங்க."

அவள் அதோடு நிறுத்தவில்லை. மூன்று டாக்டர்களிடம் மறைத்ததையும் சொன்னாள்.

வீரமணி வாயைத் திறந்து மூடினான். "ஏம்மே..." என்றான். அவன் வார்டை விட்டு வெளியே போனான்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே, "சிஸ்டர், குழாய் எடுத்துட்டு வாங்க, உப்புத் தண்ணி கொஞ்சம் சூடு பண்ணுங்க, சர்ஜன் சாருக்குப் போன் போடுங்க" என்று அடுக்கினார். விரல் வைத்துப் பார்த்த மாத்திரத்தில் கட்டில் நனைந்து, தரை நனைந்து, டாக்டரின் செருப்பும் நனைந்தது. குழாய் போட்டுக் கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது.

பாஞ்சாலி எழுந்து வந்தாள். "அன்னிக்கி எங்கையிலருந்து புடுங்கி வெளிய எறிஞ்சீங்களே டீச்சர். நாலு பேரு சிரிச்சாங்களே. எம் புருசங்கூட மூணு நாளு என்னைய 'லட்சணம், லட்சணம்'னே கூப்புட்டான்."

கோகிலவாணி தலை குனிந்து நின்றாள்.

"உங்க வூட்டு டிவி காலைல ஏன் அந்தக் கத்து கத்துதுன்னு இப்பத்தான வெளங்குது." பாஞ்சாலி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "சரி, அந்த பக்கெட்ட இங்க தள்ளுங்க. நின்னுக்கிட்டே இருந்தா ஆச்சா? ஒரு ஆளு புடிச்சிக்கணும், ஒரு ஆளு கொட்டணும்."

இருவருமாக அன்று பதினொரு பக்கெட் சுமந்தார்கள்.

சாயங்காலம் காய்ச்சல் சற்று இறங்கிய பிறகு டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். வீரமணி சுவர்ப் பக்கம் பார்த்தபடி இருந்தான்.

"ரயில்வே கேட்டு பாத்திருக்கீங்கல்ல? வண்டி வருதுன்னு கேட் கீப்பருக்குப் போன் வந்தாத்தான் மூடுவாரு, தொறப்பாரு. கொடலும் அப்பிடித்தான். கொடலு சுவத்துக்குள்ள பூரா நரம்பு இருக்கு. மேலருந்து மலம் வருது, வழி விடுன்னு அதுதான் கீழ சொல்லணும். அப்பத்தான் கீழ இருக்கற சதை தளரும். சில பிள்ளைங்களுக்குக் கர்ப்பத்துலயே அந்த நரம்பணு கொடலோட கடைசி வரைக்கும் வந்து சேராது. கேட்டு இருக்கு, போன் இல்ல. தொறன்னு சொல்ல ஆளே கெடையாது. அதனால எப்பவும் இறுக்கி மூடியேதான் இருக்கும். மேல இருக்கற நல்ல கொடலு தள்ளித் தள்ளிப் பெருத்துப் போயிரும்."

"அப்ப நான் வெச்சது..."

"தெனமும் போயி நீங்க கையால கேட்டத் தூக்கி விட்டிருக்கீங்க. அதனாலதான் இத்தன நாளு உயிரோட இருக்கான்னும் சொல்லலாம். அதனாலதான் யாருக்கும் தெரியாமப் போச்சுன்னும் சொல்லலாம்."

இந்த இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை. இரண்டுமே அவளைக் கிழித்தன.

"பொறந்த வாரமே தெரிஞ்சிருந்தா?" என்று வீரமணி சுவரைப் பார்த்தே கேட்டான்.

"சின்ன வயசுலயே ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். இப்பவும் பண்ணலாங்க. ஆனா கொடலு ரொம்பப் பெருத்திருக்கு. ஒரே தடவைல முடியாது. திரும்ப இந்த மாதிரி கிருமி ஏறாமப் பாத்துக்கணும். அதுதான் பயம்."

அன்று வீரமணி மனைவியோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஒரு வாரம் தினமும் கழுவிவிட்ட பிறகு, சேலத்துக்கு அனுப்பும் முன் பிள்ளையை எடை பார்த்தார்கள். தராசு காட்டிய எண்ணைப் பார்த்துக் கோகிலவாணி மறுபடியும் நிறுத்தச் சொன்னாள். கடைசியாக மையத்தில் பார்த்ததைவிட ஒன்றரைக் கிலோ குறைவு. அத்தனையும் உள்ளே கிடந்த மலம். பச்சை என்று மாதாமாதம் அவள் போனில் ஏற்றியது பிள்ளையின் சதையை அல்ல. அன்றுதான் அவள் சத்தம் போட்டு அழுதாள். வீரமணி பக்கத்தில் வந்து நின்றான். எடைக் கருவியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

சேலத்தில் குடலிலிருந்து சின்னதாகச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். நரம்பணு ஒன்றுகூட இல்லை என்று வந்தது. முதல் ஆபரேஷனில் வயிற்றின் இடப்பக்கம் குடலை வெளியே எடுத்து, மலம் அந்த வழியாகப் பையில் வந்து சேரும்படி செய்தார்கள். பெருத்த குடல் சுருங்க நாலைந்து மாதம் ஆகும். பிறகு நரம்பில்லாத பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இறக்கித் தைக்க வேண்டும். அப்புறமும் சில பிள்ளைகளுக்குச் சிக்கல் வரும், கசியும், பழக நாளாகும் என்று சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார்.

நர்ஸ் ஜாஸ்மின் பை மாற்றக் கற்றுக்கொடுத்தார். பழைய பையை மெதுவாக உரிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். ஈரம் போன பிறகு புதிதை ஒட்ட வேண்டும். கோகிலவாணி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கை கழுவி, பஞ்சோடு கட்டிலை நெருங்கினாள்.

நவநீதன் அலறினான். தையல் போட்ட வயிற்றோடு சுவர் ஓரமாக ஊர்ந்து போய் ஒட்டிக்கொண்டான். "நீ வேணாம்! நீ வராத! அம்மா வேணாம் சிஸ்டர்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஜாஸ்மின் சிஸ்டர் பஞ்சை வாங்கிக்கொண்டார். "வலில சொல்றான். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா."

வலியில் சொல்லவில்லை என்பது கோகிலவாணிக்குத் தெரியும். நாலரை வருஷக் காலைகள் அந்தப் பிள்ளைக்குள் இருந்தன. குடலுக்கு நரம்பில்லாமல் போனாலும் தோலுக்கு இருந்ததல்லவா?

அதற்குப் பிறகு பை மாற்றுவது வீரமணியின் வேலை ஆயிற்று. தக்காளிக் கூடை தூக்கிக் காய்த்த கை. பஞ்சைப் பிடிக்கவே தெரியாது. கோகிலவாணி கட்டிலின் கால்மாட்டில், ஐந்தடி தள்ளி நின்று சொல்லிக்கொடுப்பாள். "மேலருந்து உரிங்க. இழுக்காதீங்க. சுத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க."

"அதான் செய்யறன்ல."

"ஓரத்துல ஈரம் இருக்குது பாருங்க."

"நீ வாத்தியாரம்மா, நான் வண்டிக்காரன். மெதுவா சொல்லு" என்றான் ஒரு நாள். காம்பு விஷயம் வெளிப்பட்ட பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

சோறு ஊட்ட விட்டான் நவநீதன். தலை வார விட்டான். போர்வைக்குக் கீழே அவள் கை போனால் மட்டும் உடம்பு கட்டையாகிவிடும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். அவள் கையை எடுத்துவிடுவாள். ஐந்து நாள் இப்படிப் போயிற்று. பிள்ளைக்குப் பசி எடுத்தது, இட்லியை இரண்டு மூன்று என்று கேட்டு வாங்கினான், வயிறு தட்டையாகப் படிந்துகொண்டே வந்தது. அத்தனையையும் அவள் ஐந்தடி தள்ளி நின்றுதான் பார்த்தாள்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். மருந்துச் சீட்டோடு வீரமணி கீழே போயிருந்தான். வரிசை நீளம். நவநீதன் திரும்பிப் படுத்தபோது பையின் ஓரம் விட்டுப்போனது. வழிந்தது.

"சிஸ்டர்!" என்று கூப்பிட்டான்.

ஜாஸ்மின் சிஸ்டர் அடுத்த அறையில் வேறொரு பிள்ளைக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். "வரேண்டா தங்கம், அஞ்சு நிமிசம்!" என்று குரல் மட்டும் வந்தது.

"அப்பா!"

அப்பா இல்லை. விரிப்பு நனைந்து சூடு முதுகுக்குப் பரவியது. தையல் பக்கம் எரிந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான். கோகிலவாணி கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நவநீதன் அவளைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"கையக் காட்டு" என்றான்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"திருப்பு."

திருப்பினாள்.

"வெரல விரி."

விரித்தாள். ஒவ்வொரு விரலிடுக்கையும் அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"முந்தானைய உதறு."

வார்டு நடுவில் நின்று அவள் முந்தானையை அவிழ்த்து உதறினாள். பக்கத்துக் கட்டில் ஆள் ஒருவர் சிரித்தார். அவள் கவனிக்கவில்லை. இன்னொரு தரமும் உதறிக் காட்டினாள்.

நவநீதன் சட்டையைக் கொஞ்சமாக மேலே தூக்கினான். முழுக்கத் தூக்கவில்லை, பை தெரிகிற அளவுக்கு.

"மெதுவா" என்றான்.

அவள் கை கழுவி வந்தாள். வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். மேல் ஓரத்திலிருந்து உரித்தாள், இழுக்காமல். சுற்றி ஒத்தி எடுத்தாள். சிவப்பாக ரோஜா மொட்டு மாதிரி வெளியே துருத்தியிருந்த குடல், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தரம் சுருங்கி விரிந்து, யாரும் தொடாமல், தன்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளியது. அவள் அதையும் துடைத்தாள்.

நவநீதன் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவள் கை போகிற இடமெல்லாம் கூடவே பார்த்துக்கொண்டு வந்தான்.